வாய்க்குள் ஓர் அமானிதம்

 

அல்லாஹு தஆலாவின் படைப்புகளைச் சிந்தித்துப் பார்க்குமாறு அல்குர்ஆன் பல இடங்களிலும் நம்மை அழைக்கின்றது. நாமோ வானத்தை அண்ணாந்து பார்க்கின்றோம். காலடியில் கிடக்கும் கடலுக்குள் பார்ப்பது குறைவு. இன்று, ஒரு விரல் நீளமே வளரும் சிறு மீனொன்றைப் பற்றிச் சிந்திப்போம்.

செங்கடல் முதல் பசிபிக் சமுத்திரம் வரையுள்ள முருகைக்கற்பாறைகளில் வாழும் இம்மீனை ஐங்கோட்டுக் கார்டினல் மீன் எனலாம். வெள்ளி போன்ற உடலில் தலை முதல் வால் வரை ஐந்து கருங்கோடுகள். வாலடியில் மஞ்சள் நிறத் திட்டு, அதன் நடுவே ஒரு கரும்புள்ளி. இது சார்ந்த குடும்பத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இரவில் இரை தேடுபவை. இருளில் பார்ப்பதற்கென்றே அவற்றிற்குப் பெரிய கண்கள் அருளப்பட்டுள்ளன.

பகற்பொழுதில் இவை பாறை இடுக்குகளிலும் முருகைக்கிளைகளின் நடுவிலும் ஒதுங்கி நிற்கும். குஞ்சுகளோ, நீண்ட கரிய முட்களையுடைய கடல் முள்ளெலியின் முட்களுக்கிடையே அடைக்கலம் பெறும். பெரிய மீன் அங்கே வாய் வைக்கத் துணியாது. சூரியன் மறைந்ததும் இவை வெளியேறி, சிறு இறால் வகைகளையும் சிறு மீன்களையும் உண்டு, விடியுமுன் திரும்பிவிடும்.

திரும்புவது எங்கே? அவுஸ்திரேலியாவின் வன் ட்ரீ தீவில் ஆய்வாளர்கள் கார்டினல் மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு, ஒன்று, இரண்டு கிலோமீற்றர் தொலைவில் கொண்டுபோய் விட்டனர். அவற்றுள் கணிசமானவை தாம் முன்பு தங்கியிருந்த அதே இடத்திற்கே திரும்பி வந்தன. இவ்வாய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. அதே தீவில் நடந்து 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு, இக்குடும்பத்து இளங்குஞ்சுகள் தமது பாறையைச் சூழ்ந்த நீரின் வாசனையை அடையாளம் கண்டு நாடுகின்றன என்று காட்டியது. ஸுப்ஹானல்லாஹ்!

இதைவிட வியப்பானது இம்மீனின் தந்தைமை. பெண்மீன் இட்ட முட்டைத்திரளை ஆண்மீன் தன் வாய்க்குள் ஏந்திக்கொள்கின்றது. குஞ்சு பொரிக்கும்வரை பல நாட்கள் அதை வாயிலேயே காக்கின்றது. அவ்வப்போது வாயை அசைத்து முட்டைகளுக்குப் புதிய நீரும் காற்றும் கிடைக்கச் செய்கின்றது. வாய் நிறைய அமானிதம் இருப்பதால், அந்நாட்களில் அது பெரும்பாலும் உண்பதில்லை. சில வேளை முட்டைகளை விழுங்கிவிடும் ஆண்மீன்களும் உண்டு. மீனுக்குக் கேள்வி கணக்கு இல்லை. பகுத்தறிவு வழங்கப்பட்ட தந்தையாகிய நமக்கோ, நமது பொறுப்பிலுள்ளோரைப் பற்றிய விசாரணை உண்டு.

அன்பர்களே! தன் வீட்டை மறவாத இம்மீனுக்கு, திரும்பி வரும்போது வீடு இருக்க வேண்டாமா? 1998இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது ஹிக்கடுவ முதலான இடங்களில் முருகைகள் வெளுத்து மடிந்தன. 2016இலும் நம் கடல்களில் வெளுப்பு நிகழ்ந்தது. இந்நிலையில், எஞ்சிய பாறையையும் மனிதன் வெடிவைத்துத் தகர்ப்பது எத்தகைய அநியாயம்! வெடிபொருளும் நஞ்சும் கொண்டு மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் தடைசெய்துள்ளது. ஒரு வெடி, விற்கக்கூடிய மீனை மட்டும் கொல்வதில்லை. தந்தையின் வாயிலிருக்கும் முட்டையையும், முள்ளிடையே பதுங்கிய குஞ்சையும், அவை குடியிருந்த பாறையையும் சேர்த்தே அழிக்கின்றது. பாறை அழிந்தால் அதை நம்பி வாழும் பெரிய மீன்களும் அகலும். நாளை வலையோடு வரும் அயல்வீட்டுச் சகோதரரின் ரிஸ்க்கில் இன்று கைவைப்பதன்றோ இது? மனிதரின் கைகள் தேடிக்கொண்டவற்றால் தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டைப் பற்றி ரூம் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே கடற்றொழில் செய்யும் சகோதரர்களே! கேடு விளைவிக்கும் முறைகளைக் கைவிடுங்கள். செய்வோரைக் கண்டால் நயமாக எடுத்துரையுங்கள். நங்கூரத்தை முருகையின் மீதன்றி மணற்பரப்பில் இடுங்கள். பிள்ளைகளுடன் கடலுக்குச் செல்வோரே! முருகைத் துண்டுகளை உடைத்து எடுத்து வராதீர்கள்.

ஒரு சிறு மீன் தன் வாயிலுள்ள அமானிதத்திற்காகப் பசித்திருக்கின்றது. நம் கையிலுள்ள அமானிதத்தைப் பேணி நடக்கும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.