சித்திரக்காரர் காத்த ரகசியம்

கதை முடியுமுன் கதாசிரியர் இறந்துவிட்டார். ஆனால் கொலைகாரன் யார் என்பது, கதைக்குப் படம் போட்ட வாலிபருக்குத் தெரிந்திருந்தது!

இது நடந்தது 1870-ம் ஆண்டில், இங்கிலாந்தில். அது விக்டோரியா மகாராணியின் ஆட்சிக் காலம். நாவல்கள் பத்திரிகைகளில் தொடர்கதைகளாக வந்தன. மாதம் ஒரு பகுதியாகத் தனி வெளியீடாகவும் வந்தன. கதையோடு படமும் இருக்கும். வாசகர்கள் கதாபாத்திரங்களின் முகத்தைப் படத்தில்தான் பார்த்தார்கள்.

மரத்தில் செதுக்கிய படம்

அக்காலத்தில் பத்திரிகைப் படங்களைப் பெரும்பாலும் மரக்கட்டையில் செதுக்கியே அச்சிட்டார்கள். வெள்ளையாகத் தெரியவேண்டிய இடங்களைச் செதுக்கி எடுப்பார்கள். எஞ்சி நிற்கும் கோடுகளில் மை ஏறும். பெரிய படம் என்றால் பல கட்டைகளைச் சேர்த்து இறுக்கி, பல தொழிலாளர்கள் பங்கிட்டுச் செதுக்குவார்கள்.

1869 டிசம்பரில் "கிராபிக்" என்ற வாரப் பத்திரிகை லண்டனில் தொடங்கியது. அதன் முதல் இதழில் ஒரு படம் வந்தது. வீடற்ற ஏழைகள் இரவு தங்க இடம் தேடி, குளிரில் வரிசையாக நிற்கும் காட்சி அது. வரைந்தவர் லூக் பில்ட்ஸ். வயது 26.

பிரபல ஓவியர் மில்லே அந்தப் படத்தைப் பார்த்தார். உடனே அதை நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸிடம் காட்டினார். டிக்கன்ஸ் அப்போது "எட்வின் துரூட்" என்ற மர்மக் கதையை எழுதிக்கொண்டிருந்தார். படம் போட இருந்த அவர் மருமகன் காலின்ஸ் உடல் நலமின்றி விலகிவிட்டார். அந்த வேலை பில்ட்ஸுக்குக் கிடைத்தது.

கழுத்துத் துணி

கதையில் எட்வின் என்ற இளைஞன் திடீரென்று காணாமல் போகிறான். அவனுடைய மாமன் ஜாஸ்பர் மீது வாசகர்களுக்குச் சந்தேகம். அந்த ஜாஸ்பரின் கழுத்தில் பில்ட்ஸ் சிறிய "டை" வரைந்திருந்தார். டிக்கன்ஸோ, கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றும் நீண்ட துணி வேண்டும் என்றார். ஏன் என்று பில்ட்ஸ் கேட்டார்.

டிக்கன்ஸ் தயங்கினார். ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று உறுதி வாங்கிக்கொண்டு, காரணத்தைச் சொன்னார். அந்தத் துணியால்தான் ஜாஸ்பர் எட்வினின் கழுத்தை நெரித்துக் கொல்கிறானாம்!

காலி நாற்காலி

1870 ஜூன் 9-ந்தேதி டிக்கன்ஸ் காலமானார். 12 பகுதிகளாக வரவேண்டிய கதை 6 பகுதிகளோடு நின்றுவிட்டது.

துக்கம் விசாரிக்கச் சென்ற பில்ட்ஸ், டிக்கன்ஸ் வீட்டில் சில நாள் தங்கினார். அவர் எழுதும் அறையில் மேஜை அப்படியே இருந்தது. நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. பில்ட்ஸ் அதை வரைந்தார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் படத்தை "கிராபிக்" வெளியிட்டது. ஓவியர் வான்கோவும் அந்தப் படத்தைப் போற்றி வைத்திருந்தார்.

எட்வின் செத்தானா, பிழைத்தானா? ஆண்டுகள் பல சென்றும் சர்ச்சை ஓயவில்லை. டிக்கன்ஸ் தம் வீட்டாரிடம் கூறிய குறிப்புகளைக்கூட நம்ப முடியாது என்று சிலர் எழுதினார்கள். பில்ட்ஸுக்கு மனம் பொறுக்கவில்லை. 1905-ல் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, கழுத்துத் துணியின் கதையை ஊரறியச் சொன்னார். டிக்கன்ஸ் மறைந்து அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.