முகத்துவாரத்தில் அவசரம் வேண்டாம்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கடலோரக் குழுக் கூட்டங்களில் ஒரே பேச்சுதான். "முகத்துவாரம் எப்படி இருக்குது? போட்டு உள்ள வருதா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். சேமிப்புப் பேச்சு, கடன் பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பழவேற்காடு பகுதியில் ஒரு மார்கழி மாதக் கூட்டம். ஒரு உறுப்பினர் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார். குழுக் கடனில் வாங்கிய இன்ஜின் முகத்துவாரத்தில் போய்விட்டது. படகு மணலில் இடித்து, அலையில் புரண்டு, ஆட்கள் நீந்திக் கரை சேர்ந்திருக்கிறார்கள். "தண்ணி சரியில்லன்னு அவரு சொன்னாருங்க. தவணை தேதி வந்துடுச்சேன்னு நான்தான் போகச் சொன்னேன்" என்றார். கூட்டத்தில் யாரும் பேசவில்லை. தேதி குறித்ததும், தவணை கேட்டதும் நாம்தானே?

அதனால்தான் இந்த இதழில் முகத்துவாரத்தைப் பற்றி எழுதுகிறோம். படகு ஓட்டுவது ஆண்கள் வேலை, நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்ற முடிவு பாதி வீட்டில்தான் நடக்கிறது.

மழைக்காலத்தில் ஏன் ஆபத்து அதிகம்?

ஆறோ ஏரியோ கடலில் சேரும் வாய்தான் முகத்துவாரம். அலையும் நீரோட்டமும் கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கோடையில் உள்ளிருந்து வரும் தண்ணீர் குறைவு. அதனால் மணல் மேடிட்டு வாய் குறுகிப் போகிறது. சில வருடம் அடைத்தும் விடுகிறது. மழை வந்து வெள்ளம் பாய்ந்தால் வாய் திறக்கும். ஆனால் போன வருடம் இருந்த அதே இடத்தில் திறக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே வெள்ளத்தில் வழி இடம் மாறிவிடும். நேற்று போன வழி இன்று மணல் திட்டாக இருக்கலாம்.

இரண்டாவது காரணம் அலை. வாடைக் காற்று காலத்தில் வடகிழக்கிலிருந்து அலை வருகிறது. உள்ளிருந்து வெள்ளம் வெளியே ஓடுகிறது. இரண்டும் எதிரெதிராக மோதும்போது அலை நெருங்கி, செங்குத்தாக எழும்பும். ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் உடைந்து விழும்.

ஒரு கணக்கு நினைவில் வையுங்கள். 1 மீட்டர் உயர அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். ஒன்றரை மீட்டர் அலை என்றால் சுமார் 2 மீட்டர் ஆழத்திலேயே உடைந்துவிடும். "இடுப்பளவுக்கு மேல தண்ணி இருக்குதே, போட்டு போயிடும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. இரண்டு அலைக்கு நடுவில் பள்ளம் விழும்போது தண்ணீர் இன்னும் குறையும். அப்போதுதான் படகின் அடி மணலில் தட்டுகிறது. தட்டிய படகு பக்கவாட்டில் திரும்பும். அடுத்த அலை அதைப் புரட்டிவிடும்.

எப்போது கடப்பது நல்லது?

கடல் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. இதைத்தான் நம்மவர்கள் ஏத்தம், வத்தம் என்கிறார்கள். நம் சென்னைப் பக்கத்துக் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் சுமார் 1 மீட்டர் வித்தியாசம் இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அரை மீட்டர்கூட இருக்காது. ஏத்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

ஏத்தம் முடியப்போகும் நேரமே கடக்க நல்ல நேரம். அப்போது ஆழம் அதிகம், ஓட்டமும் அலைக்கு எதிராக இருக்காது. வத்தம் வேகமாக ஓடும் நேரம்தான் மோசமான நேரம். ஆனால் ஒன்று. பெருமழை பெய்து வெள்ளம் பாயும் நாட்களில் ஏத்த நேரத்திலும் தண்ணீர் வெளியேதான் ஓடும். அந்த நாட்களில் ஏத்தத்தை நம்பிப் போகக் கூடாது.

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனிமூட்டம் வேறு. அலை உடையும் இடம் கண்ணுக்குத் தெரியாது. பனி விலகும்வரை காத்திருக்க வேண்டும். இருட்டிலும் இதே விதிதான்.

கடக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. முதலில் நின்று பார்க்க வேண்டும். பெரிய அலைகள் சேர்ந்து சேர்ந்து வரும். பிறகு கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். கால் மணி நேரமாவது கவனித்தால் இது புரியும். எங்கே வெள்ளை நுரை தொடர்ந்து எழுகிறதோ அங்கே மணல் திட்டு இருக்கிறது. அலை உடையாமல் போகும் இடமே பெரும்பாலும் வழி.

2. வெளியே போகும்போது படகின் முகப்பு அலையை நேராகப் பார்க்க வேண்டும். அலை உச்சியில் வேகம் குறைக்க வேண்டும். பாய்ந்து போனால் படகு பள்ளத்தில் குத்தும்.

3. உள்ளே வருவதுதான் கஷ்டம். ஒரு அலையின் முதுகைப் பின்தொடர்ந்து வர வேண்டும். அதை முந்திக்கொண்டு முன்னால் இறங்கக் கூடாது. பின்னால் வரும் அலை படகின் பக்கத்தில் அடிக்க விடக் கூடாது. உள்ளே நுழைந்த பிறகு நடுவில் திரும்ப முயல்வது எல்லாவற்றையும்விட ஆபத்து.

4. நுழையும் முன்பே டீசல் இருக்கிறதா, இன்ஜின் சீராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். படகில் சேர்ந்த தண்ணீரை இறைத்துவிட வேண்டும். வலையையும் பெட்டியையும் நடுவில், தாழ்வாகக் கட்ட வேண்டும். தளர்ந்த கயிறு இன்ஜின் விசிறியில் சுற்றினால் கதை முடிந்தது.

5. நங்கூரம் முகப்பில் தயாராக இருக்கட்டும். இன்ஜின் நின்றுபோனால் உடனே போட வேண்டும். படகு பக்கவாட்டில் திரும்பாமல் நிற்க அது உதவும்.

6. லைஃப் ஜாக்கெட்டை உட்காரும் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டு போவதில் பயன் இல்லை. நுழையும் முன்பே அணிய வேண்டும். யாரும் எழுந்து நிற்கக் கூடாது.

கடைசி விதி நமக்கும்தான். இறால் பிடிக்கவும், அக்கரைக்குப் போகவும் நாமும் படகில் ஏறுகிறோம். "இன்னும் ரெண்டு பேரு ஏறிக்கட்டும்" என்பதை நிறுத்துவோம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பண்டிகை நாளில் சுற்றிப் பார்க்க வந்த குடும்பத்தினர் அவர்கள். அதை நாம் மறக்கக் கூடாது.

தகவல் எங்கே கிடைக்கும்?

அலை உயரம், காற்று பற்றிய முன்னறிவிப்பை ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் தருகிறது. போன் வைத்திருக்கும் ஒரு உறுப்பினர் தினமும் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்லலாம். ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். மீனவர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் உடனே பதிவு செய்யுங்கள். விபத்து நடந்த பிறகு அட்டை தேடி அலையக் கூடாது.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

கடலையும் காற்றையும் நம்மால் மாற்ற முடியாது. தவணைத் தேதியை மாற்றலாம். படகு, இன்ஜின், வலைக்குக் கடன் கொடுக்கும்போதே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களுக்கு வட்டி மட்டும் வாங்குவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். அசலை மற்ற மாதங்களில் பிரித்துக்கொள்ளலாம். வங்கித் தவணை தள்ளிப்போகாது என்றால், அந்த மாதத்துக்குக் குழுவின் சொந்த நிதியிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு ஈடு செய்யலாம். இதற்காகவே புரட்டாசிவரை மாதம் சிறு தொகை தனியாகச் சேர்த்து வைக்கலாம்.

"இப்படி விட்டா யாருமே கட்ட மாட்டாங்க" என்று சிலர் சொல்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் படகு போய்விட்டால் தவணை எங்கிருந்து வரும்? ஆளே போய்விட்டால் யாரிடம் கேட்பது?

அடுத்த கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்:

நம் குழுவில் யார் யார் வீட்டுப் படகு முகத்துவாரம் கடக்கிறது?

அந்தப் படகுகளில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா?

மழை மாதங்களில் தவணையை எப்படி வாங்கப் போகிறோம்?

பேசி எடுத்த முடிவை எழுதி, பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். காலையில் வீட்டுக்காரர் வாசலில் நின்று கடலைப் பார்த்து, "இன்னிக்கு வேணாம்" என்று சொன்னால், "சரி, இருங்க. தவணைய குழுவுல பேசிக்கிறேன்" என்று சொல்ல நம் எல்லோராலும் முடிய வேண்டும்.