கிளம்பும் பறவைகளும் கூடு தேடும் பறவைகளும்

மாசி பிறந்துவிட்டால் சென்னைப் பூங்காக்களில் யாரோ பித்தளைப் பாத்திரத்தைத் தட்டுவதுபோல ‘டொங்க், டொங்க்’ என்று ஒரு சத்தம் விடாமல் கேட்கும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் இயர்போனைக் கழற்றினால் போதும். அது செம்மார்புக் குக்குறுவானின் குரல். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பச்சைப் பறவை. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, தொண்டையில் மஞ்சள். சத்தம் வரும் திசையை நம்பித் தேடினால் ஏமாந்துபோவீர்கள். தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால், சத்தம் இடம் மாறுவதுபோலத் தோன்றும். மொட்டைக் கிளையின் உச்சியைப் பாருங்கள். பைனாகுலர் இருந்தால், அலகு மூடியே இருக்க, தொண்டை மட்டும் உப்பி உப்பி அடங்குவதும் தெரியும்.

பறவை பார்க்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மாசி, பங்குனியைப் போல வசதியான காலம் இல்லை. தூங்குமூஞ்சி மரமும் அரசும் இலை உதிர்த்து நிற்கும். பறவைக்கு மறைவு குறைவு. கல்யாண முருங்கை பூத்துவிட்டால் தேன்சிட்டு, மைனா, காக்கை எல்லாம் ஒரே மரத்தில் கூடும். இன்னொரு காரணமும் உண்டு. ஊர்ப் பறவைகள் கூட்டுக்கு இடம் தேடும் நேரமும், விருந்தாளிப் பறவைகள் மூட்டை கட்டும் நேரமும் இதுதான்.

குயில் எங்கிருந்தோ வந்துவிட்டதாகச் சொல்வார்கள். அது எங்கும் போகவில்லை. குளிர்காலத்தில் பெரும்பாலும் வாய் திறக்காமல் இருந்தது, அவ்வளவுதான். காக்கை கூடு கட்டும் பருவம் நெருங்கும்போது ஆண் கூவத் தொடங்குகிறது. கறுப்பு நிற ஆணைக் காக்கைகள் துரத்தும் சந்தடியில், உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட பெண் அந்தக் கூட்டில் முட்டையிட்டுவிடும். ஆண் ஊதாத் தேன்சிட்டும் மங்கிய மஞ்சளை உதறி, திட்டுத் திட்டாகப் பளபளக்கும் கருநீலத்துக்கு மாறும்.

விருந்தாளிகளில் எளிதில் தட்டுப்படுவது பிளித் நாணல் கதிர்க்குருவி. வேலியோரப் புதரில் ‘டக், டக்’ என்றால் அதுதான். பத்துப் பன்னிரண்டு கிராம் எடைதான் இருக்கும். பூச்சிகளைத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, இனப்பெருக்கத்துக்காக மத்திய ஆசியா, கிழக்கு ஐரோப்பா வரை பறக்கும். ஆறுமணிக்குருவி அவ்வளவு தூரம் போவதில்லை. கிண்டி தேசியப் பூங்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் திரும்பும். தரையில் சருகைக் கிளறி இரை தேடும் பறவை இது. விடியும்போதும் அந்தி சாயும்போதும் இரட்டை விசில் அடிக்கும்.

கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம். 8×42 பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலை ஆறு முதல் எட்டு மணி வரை நல்ல நேரம். குரலை வைத்து அடையாளம் காட்ட ‘மெர்லின்’ செயலியும், பார்த்ததைப் பதிவு செய்ய ‘இ-பேர்ட்’ தளமும் இருக்கின்றன. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது மட்டும் கூடவே கூடாது. போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று அது இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அலையும்.

பூங்காவைப் பராமரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குக்குறுவான் பட்டுப்போன கிளையைக் குடைந்துதான் கூடு அமைக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில் அத்தகைய கிளைகளை ஆனி முடியும்வரையாவது வெட்டாமல் விடுங்கள்; ஒரு மூலையில் சருகையும் பெருக்காமல் விட்டுவையுங்கள்.