பிஎச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்

சேலம், ஆத்தூர் பக்கம் போனவர்கள் சேகோ ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவெடுத்த பிறகு மிஞ்சுவது திப்பியும், புளித்த வாடையடிக்கும் கழிவுநீரும். அந்தத் தண்ணீரை மூடிய டைஜஸ்டர் தொட்டிக்குள் விட்டு பயோகேஸ் எடுக்கும் ஆலைகள் உண்டு. தொட்டியைக் கட்டுவதைவிட அதைக் கவனித்து ஓட்டுவதுதான் பெரிய வேலை. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அதை மட்டும் சொல்கிறேன்.

உள்ளே இரண்டு கூட்டம் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. முதல் கூட்டம் மாவுச்சத்தை உடைத்து அமிலமாக்குகிறது; சில மணி நேரத்திலேயே இரண்டு மடங்காகப் பெருகிவிடும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்திலிருந்து மீத்தேன் தருகிறது; அது இரண்டு மடங்காகச் சில நாள் பிடிக்கும். சிக்கலே இந்த வேக வித்தியாசத்தில்தான். கிழங்கு வரத்து கூடும் சீசனில் கழிவுநீரை அளவில்லாமல் உள்ளே விட்டால் அமிலம் தேங்கும். பிஎச் 6.5-க்குக் கீழே போனால் மீத்தேன் கூட்டம் முடங்கத் தொடங்கும். அமிலக் கூட்டமோ நிறுத்தாது.

பிஎச் மீட்டர் மாட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. தொட்டித் தண்ணீரில் பைகார்பனேட்டாக ஒரு காரத்தன்மை இருக்கிறது. வருகிற அமிலத்தை அது வாங்கிக்கொள்கிறது. வருமானம் நின்றுபோன வீட்டில்கூட சேமிப்பு கரையும்வரை அடுப்பு எரியும் அல்லவா? பிஎச் அந்த அடுப்பு. நாம் பார்க்க வேண்டியது சேமிப்பை.

அதைப் பார்க்க அந்த மீட்டரோடு ஒரு பியூரெட் இருந்தால் போதும். தொட்டியிலிருந்து அப்போதே எடுத்து வடிகட்டிய 20 மில்லி நீரில் 0.1 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்; இதுதான் டைட்ரேஷன். பிஎச் 5-க்கு வரும்வரை செலவானது காரத்தன்மையைக் காட்டும். அங்கிருந்து 4.4 வரை செலவானது தேங்கிய கொழுப்பு அமிலத்தைக் காட்டும். அதற்கான சூத்திரத்தில் போட்டு, அமிலத்தைக் காரத்தன்மையால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். பொதுவாக 0.3, 0.4 வரை கவலையில்லை. ஆனால் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு இயல்பு உண்டு. 0.25-இல் நின்றது நாளுக்கு நாள் ஏறி 0.38 ஆனால், எல்லைக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொரு ஏமாற்றம் வாயு மீட்டரில். சுமை கூடும்போது மொத்த வாயு சில நாள் அதிகமாகக்கூட வரலாம். கூடுவது கரியமில வாயுவாக இருக்கும். மீத்தேன் பங்கு 60 சதவீதத்திலிருந்து 50-ஐ நோக்கி இறங்குகிறதா என்று பாருங்கள்.

விகிதம் ஏறினால் முதலில் கழிவுநீர் விடுவதைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நிறுத்துங்கள். அமிலத்தைத் தின்று தீர்க்க மெதுவான கூட்டத்துக்கு அவகாசம் வேண்டும். அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பைக் கொட்டுவது பலருடைய பழக்கம். அது கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாகப் படியும். மூடிய தொட்டிக்குள் அழுத்தமும் குறையும். சோடியம் பைகார்பனேட் விலை அதிகம்தான், ஆனால் இந்த ஆபத்து இல்லை.

தொட்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: விலை உயர்ந்த சென்சாருக்கு ஆர்டர் கொடுக்கும் முன், தினமும் ஒரே நேரத்தில் இந்த ஒரு டைட்ரேஷனைச் செய்து நோட்டில் எழுத ஒரு ஆளைப் பழக்குங்கள்.