நெட் வருகிறது, ஃபோல்டர் திறக்கவில்லை!
வீட்டு வயர்லெஸ் நெட்வொர்க்கில் கோளாறு கண்டறிவது எப்படி?

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவிலும் அதைச் சுற்றியும் மாடி அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் பல உண்டு. அப்படி ஒரு வீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கீழே குடும்பம், மாடியில் விருந்தினர்கள். ஹாலில் டிவிக்குப் பின்னால் ஃபைபர் இணைப்புப் பெட்டி. மாடிக்கு சிக்னல் போதவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, கேபிள் இழுத்து மாட்டியிருக்கிறார்கள். இரண்டு தளத்திலும் இன்டர்நெட் வருகிறது. ஆனால் கீழே உள்ள கம்ப்யூட்டரிலிருந்து மாடி லேப்டாப்பில் ஷேர் செய்த ஃபோல்டர் திறக்கவில்லை.

இந்தப் பிரச்சினையின் பின்னால் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கீழே உள்ள கம்ப்யூட்டரில் விருந்தினர்களின் ஆதார், பாஸ்போர்ட் நகல்கள் இருக்கும். வெளிநாட்டவர் தங்கினால் அவர்கள் விவரத்தைக் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் அல்லவா? அந்த நகல்கள் மாடியில் தங்கியிருப்பவருக்கும் திறக்குமா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு முன் அடிப்படைச் சோதனைகள்.

கோளாறு உள்ளேயா, வெளியேயா?

'நெட் போச்சு' என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வெவ்வேறு கோளாறுகள். கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே ஒன்று, ரவுட்டருக்கும் வெளியுலகுக்கும் இடையே மற்றொன்று. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாளில் தெருவில் ஃபைபர் அறுந்தாலும், ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் மின்சாரம் கிடைத்தால் வீட்டுக்குள் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் ஃபைல் போகும், பிரிண்டரும் வேலை செய்யும்.

கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் 'ஐபிகான்ஃபிக்' என்று இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் உள்ள எண்தான் உங்கள் ரவுட்டரின் முகவரி. அது 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 'பிங்' கட்டளையுடன் அந்த எண்ணைக் கொடுங்கள். பதில் சில மில்லிசெகண்டில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் நலம். நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கினாலோ, இடையிடையே 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' வந்தாலோ வயர்லெஸ்ஸில்தான் கோளாறு. அடுத்து 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் செய்யுங்கள். ரவுட்டர் பதில் தந்து இது தராவிட்டால் இணைப்பு நிறுவனத்துக்கு போன் செய்யலாம். இதுவும் பதில் தந்து, தளத்தின் பெயரை டைப் செய்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். அமைப்பைப் பாருங்கள்.

சுவரும் உப்பும்

மறைமலை நகர், கூடுவாஞ்சேரி அடுக்ககங்களில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களே தொல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அவற்றில் காலியாக இருப்பதைத் தேர்வு செய்யுங்கள். அருகில் இருக்கும் கருவிகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது. ஆனால் அது கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலோ வைக்காதீர்கள். ஷோகேஸில் அழகுக்கு வைப்பதும் வேண்டாம்.

கடலோர வீடுகளில் வேறு வினை. உப்புக் காற்றில் கேபிள் முனைகள் பச்சை பூத்துவிடும். ஆயிரம் எம்.பி.பி.எஸ். வேகத்துக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். நூறுக்கு இரண்டு ஜோடி போதும். எனவே நூறுக்குத் தேவைப்படாத ஜோடி கெட்டால் இணைப்பு அறுந்துபோகாமல், சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடக்கூடும். விண்டோஸில் லிங்க் ஸ்பீடு திடீரென்று 100 என்று காட்டினால் கேபிள் முனையை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போடச் சொல்லுங்கள். புது ரவுட்டர் வாங்கும் செலவு மிச்சம்.

இரண்டு ரவுட்டர், இரண்டு நெட்வொர்க்

இப்போது நம் ஒத்தவாடைத் தெரு வீட்டுக்கு வருவோம். மாடி ரவுட்டரின் 'வான்' போர்ட்டில் கேபிளைச் செருகியதால் அது தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்கிவிட்டது. கீழே 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள். மாடியில் 192.168.0 என்று தொடங்குபவை. மாடி ரவுட்டர் ஒருவழிக் கதவு மாதிரி. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. கீழே இருப்பவருக்கு மாடி ஃபோல்டர் திறக்காததற்குக் காரணம் இதுதான். மாடியில் இருப்பவரோ, ஐ.பி. முகவரி தெரிந்தால் கீழே உள்ள கம்ப்யூட்டரை எட்டிவிடலாம்!

வீட்டில் குடும்பத்தார் மட்டும் இருந்தால் தீர்வு எளிது. மாடி ரவுட்டரை 'ஆக்ஸஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் அதன் டி.ஹெச்.சி.பி.யை நிறுத்தி, 192.168.1 வரிசையில் யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரியைக் கொடுத்து, கேபிளை 'லான்' போர்ட்டில் செருகுங்கள். மொத்த வீடும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

அடுத்து விண்டோஸ் 11. செட்டிங்ஸில் உங்கள் வைஃபை இணைப்பு 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக மாற்றுங்கள். நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். லாகின் கேட்கும்போது நான்கு இலக்க பின் எண்ணைக் கொடுத்துவிட்டுத் திணறுவோர் பலர். அந்த எண் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் செல்லும். நெட்வொர்க்கில் அக்கவுன்டின் முழு பாஸ்வேர்டு வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் பெட்டி மட்டும் தெரியவில்லையா? அது எஸ்.எம்.பி.1 என்ற பழைய முறையில் பேசுவதாக இருக்கலாம். 2017 மே மாதம் உலகை ஆட்டிய வான்னாக்ரை வைரஸ் அந்த வழியாகத்தான் பரவியது. அதை மறுபடி ஆன் செய்வதைவிடப் பெட்டியை ஓய்வுக்கு அனுப்புவது மேல்.

பாஸ்வேர்டு தொல்லை தாங்காமல் 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்' வசதியையே நிறுத்திவிடச் சொல்வார்கள் சிலர். வாடகைக்கு அறை விடும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது. மாடியில் தங்குபவர் பாஸ்போர்ட் நகல்களை வரிசையாகத் திறந்து பார்க்கலாம்.

குடும்பம் உட்புறம், விருந்தினர் வெளிப்புறம்

அந்த ஒருவழிக் கதவையே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். ஃபைபர் பெட்டியின் வைஃபையை விருந்தினருக்கு விடுங்கள். மாடிக்கு அந்தப் பெட்டியிலிருந்தே ஆக்ஸஸ் பாயின்ட் வையுங்கள். குடும்பத்துக்குத் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி, அதன் 'வான்' போர்ட்டை ஃபைபர் பெட்டியுடன் இணையுங்கள். கம்ப்யூட்டர், பிரிண்டர், மகனின் லேப்டாப் எல்லாம் இதற்குள் வரட்டும். இதன் முகவரி வரிசை ஃபைபர் பெட்டியின் வரிசையிலிருந்து வேறுபட வேண்டும். இரண்டும் 192.168.1 என்றே இருந்தால் இன்டர்நெட்டே வராமல் போகலாம்.

செலவு வேண்டாம் என்பவர்கள் ஃபைபர் பெட்டியில் உள்ள 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதியைப் பயன்படுத்தலாம். ஆனால் ஆக்ஸஸ் பாயின்ட் நிலையில் உள்ள ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் எல்லா மாடல்களிலும் தனியாகப் பிரிவதில்லை. எனவே நம்பிவிடாமல் சோதித்துப் பாருங்கள். ஒரு லேப்டாப்பை விருந்தினர் வைஃபையில் இணைத்து, ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளுடன் குடும்பக் கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியை டைப் செய்யுங்கள். பாஸ்வேர்டு கேட்டால்கூடத் தோல்விதான். எதுவுமே கிடைக்கவில்லை என்ற செய்தி வர வேண்டும். ஃபைபர் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டையும் உடனே மாற்றிவிடுங்கள். பல பெட்டிகளில் அது அடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு, குடும்பத்தாரின் போன், லேப்டாப் ஒவ்வொன்றிலும் பழைய வைஃபை பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்குங்கள். இல்லாவிட்டால் சிக்னல் குறையும்போது அவை தாமாகவே விருந்தினர் பக்கம் போய் இணைந்துகொள்ளும்.