கொல்லையில் விளையும் இன்பம்

“நான்கு வெண்டைக்காய்க்காக நாள்தோறும் தண்ணீர் சுமப்பானேன்? சந்தையில் கிடைக்காததா?” என்று கேட்பவர் பலர். கணக்குப் பார்த்தால் அவர்கள் கூற்று முற்றும் தவறன்று. எரு, பந்தற்கால், உழைப்பு யாவற்றையும் கூட்டினால் வீட்டுக் காய் அப்படியொன்றும் மலிவானதன்று. ஆயினும், ஒருமுறை பயிரிட்டுப் பறித்தவர் மறு ஆண்டும் மண்வெட்டியைத் தேடுகிறாரே, அது ஏன்?

வெண்டையையே எடுத்துக்கொள்வோம். விதை ஊன்றிய 40 அல்லது 45 நாட்களில் அது பூக்கத் தொடங்கும். பூத்த ஐந்தாறு நாட்களுக்குள் பறித்தால் பிஞ்சு. மேலும் சில நாள் விட்டால் வெறும் நார். கடையிலே நுனியை ஒடித்துப் பார்த்துக் கடைக்காரரின் முறைப்புக்கு ஆளாகிறோம். நம் கொல்லையிலோ எந்தப் பூ என்று மலர்ந்தது என்பது நமக்கே தெரியும்.

“பூ நிறையப் பூக்கிறது, காய்தான் பிடிக்கவில்லை” என்பது பூசணி வைத்த வீடுகளில் கேட்கும் குறை. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இதழ்களுக்கு அடியில் சிறு பிஞ்சு ஒட்டியிருப்பது பெண் பூ. தேனீ வராத ஊர்ப்புறத்து மாடிகளில், காலையில் மலர்ந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவினால் போதும். சுரைக்கு இதை மாலையில் செய்யவேண்டும். அதன் வெண்பூ அந்திக்குத்தான் விரியும். மகரந்தச் சேர்க்கையைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதிய நம்மில் எத்தனை பேர் அதைக் கையால் செய்து பார்த்திருக்கிறோம்?

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியின் பொருளும் பந்தலடியில்தான் விளங்குகிறது. பழைய கொடியவரை பகற்பொழுது குறுகினாலன்றிப் பூக்காது. ஆடியில் ஊன்றினால் கொடி வளர்ந்து, மார்கழி, தை மாதங்களில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். தையில் ஊன்றினாலோ இலைதான் மிச்சம். இக்காலத்துக் குற்றுச்செடி அவரை இந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்காதது. அதன் வசதியை மறுப்பதற்கில்லை. அவரையில் அசுவினி கண்டால் அடுப்புச் சாம்பலைத் தூவலாம். அல்லது 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு வடிகட்டித் தெளிக்கலாம்.

இவற்றினும் பெரியது விதைக்கு விடுதல். நன்கு திரண்ட ஒரு காயைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிடுவது நம் பாட்டிமார் வழக்கம். குழம்புக்கு இல்லையென்றாலும் அதன்மேல் எவரும் கை வைக்கமாட்டார்கள். இன்று பொட்டலத்தில் வரும் வீரிய ஒட்டு விதையில் விளைச்சல் மிகுதிதான். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தருவதில்லை; ஆண்டுதோறும் கடைக்குப் போகவேண்டும். இவ்வாறு ஊருக்கு ஊர் இருந்த சுரையும் கத்தரியும் பல, விதை வைப்பாரின்றிக் கைவிட்டுப் போயின.

எஞ்சியவை இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் கேட்டு வாங்கி வரலாம். முற்றிக் காய்ந்த சுரையைக் குலுக்கினால் விதைகள் கலகலவென்று ஒலிக்கும், அதுவரை உடைக்கலாகாது. ஒரு குடுக்கையிலுள்ள விதை நம் கொல்லைக்குப் போக, தெருவில் பத்து வீட்டுக்குக் காணும்.