கப்பலுக்கும் கரைக்கும் நடுவே
புதுச்சேரிக் கரையோரத்தில் கடல் ஆழமில்லை, அலையோ அதிகம். எனவே அந்நாளில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. சரக்கைக் கரைசேர்த்தவை சலங்குப் படகுகள். அவற்றின் பலகைகளை ஆணியடிக்காமல் கயிற்றால் தைத்தார்கள். ஏன் தெரியுமா? அலை மோதினால் தைத்த படகு வளைந்துகொடுக்கும். விறைப்பான படகு பிளந்துவிடும். ஆனாலும் மூட்டை நனையும். சில வேளை ஆளும் மூழ்குவதுண்டு.

1866இல் பிரெஞ்சு அரசு இரும்புக் கால்கள் மீது கடற்பாலம் அமைத்தது. இனிப் படகுகள் கரையோர அலைகளைக் கடக்க வேண்டியதில்லை. பாலத்தின் முனையிலேயே பாரந்தூக்கி சரக்கை எடுத்துக்கொள்ளும். கால்களுக்கிடையே அலையும் மணலும் தடையின்றிச் சென்றன. 1952ஆம் ஆண்டுப் புயலில் அது அழிந்தது.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கல்லாலான அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. இங்கு மணல், ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்வது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் கடற்கரையைக் கடல் அரித்தது.